வேதா வீட்டு மீன்தொட்டிக்கு நான் ஒளி வழங்கிய வரலாறு

ஜூன் 3, செவ்வாய்

இதைப் படிக்கப்போகும் சந்ததியினரே, தலையில் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். இனி நான் எழுதப்போகும் கதையை உங்களில் ஒருவரும் நம்பமாட்டீர்கள். கதை அப்படி. அதைத் தாங்குகிற அளவுக்கு உங்களுக்கு மனசு பெரிசாக இருக்காது.

மன்னார்குடி ஏகாம்பரம் ஒலி ஒளி அமைப்பகத்தின் முதலாளியும், வேன் டிரைவரும், ஏணி ஏறுகிறவனுமாகிய நான் இன்று விடிவதற்குள் சென்னையில் எழுந்தருளினேன். எழும்பூர் பிளாட்பாரத்து விளக்குகள் ஒவ்வொன்றும் தலையைச் சுற்றி ஒரு வானவில் கட்டிக்கொண்டு என்னை வரவேற்றன. முப்பது வருஷமாகக் கோயில் கோயிலாகச் சீரியல் செட் கட்டிய மனிதனுக்கு விளக்குகளே காட்டும் மரியாதை அது.

என் அக்கா மகள் வேதவல்லி கூட்டிப்போக வந்திருந்தாள். எதிரே வந்து நின்றவளை யாரோ என்று நினைத்து ஒதுங்கி வழி விட்டேன். "மாமா, நான்தான்" என்றாள். சென்னைக்கு வந்து பெண் ஆளே மாறிவிட்டாள்.

காரில் ஏறியதும் ஆரம்பித்துவிட்டாள். "பதினெட்டாம் தேதி ஆபரேஷனுக்கு எழுதிக் குடுத்தாச்சு மாமா. டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்குல்ல? புரை முத்திப் போச்சு. இன்னும் தள்ளினா கண்ணுக்குள்ள பிரஷர் ஏறிடும். அப்புறம் என்ன பண்ணாலும் பார்வை திரும்பாது."

"அவர் சின்ன டாக்டர்மா. என் கண்ணைப் பார்த்து அவருக்கே கண்ணு கூசிப் போச்சு. அந்தப் பதட்டத்துல ஏதோ எழுதிட்டார்."

உண்மையில் எனக்குக் கண் ஒரு பிரச்சினையே இல்லை. கமிட்டிதான் பிரச்சினை. ஆடி மாதம் அம்மன் கோயில் திருவிழா வருகிறது. லைட் போடுகிறவனுக்குக் கண்ணில் கத்தி வைத்தார்கள் என்று ஊரில் தெரிந்தால், கமிட்டிக்காரர்கள் எனக்கு ஒரு சால்வை போர்த்தி, கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்து, காண்ட்ராக்டை நீடாமங்கலம் தங்கப்பனிடம் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். தங்கப்பன் கட்டும் அலங்கார வளைவில் மயிலும் கோழியும் ஒரே மாதிரி இருக்கும்.

ஆகவே ஆபரேஷன் கிடையாது. இதை வேதாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த எழுத்துகள் பூசணிக்காய் அளவுக்கு இருக்கின்றனவே என்று சந்ததியினர் கேட்கலாம். பெரிய மனிதர்கள் பெரிதாகத்தான் எழுதுவார்கள்.

ஜூன் 4, புதன்

வேதா வீட்டு ஹாலில் ஒரு சமுத்திரம் இருக்கிறது. மூன்றடி நீளம் என்று மாப்பிள்ளை ஜெகதீசன் சொல்கிறார். அடக்கத்தினால் சொல்கிறார். திறந்துவிட்டால் வடுவூர் ஏரி ஒரு போகத்துக்கு நிரம்பும். உள்ளே செடி, ஒரு பெரிய மரக்கட்டை, சுண்டுவிரல் பாதி நீளத்துக்கு டெட்ரா என்கிற மீன்கள். திமிங்கிலத்துக்கு ஒன்றுவிட்ட தம்பிகள் என்று நினைக்கிறேன்.

மீன்களை நான் இன்னும் பார்க்கவில்லை. அவை யாருக்கும் முகம் கொடுப்பதில்லையாம்.

"இந்த வீட்டுக்கு மாறி வந்ததுலேர்ந்து கட்டைக்குப் பின்னாலயே கிடக்குதுங்க மாமா" என்றாள் வேதா. "பழைய லைட்டும் போயிடுச்சு. எந்த லைட் வாங்கறது, எங்க வைக்கறதுன்னு ஒண்ணும் புரியல."

லைட் விஷயத்தில் புரியவில்லை என்று ஏகாம்பரத்தை வீட்டில் வைத்துக்கொண்டு ஒருத்தி சொல்கிறாள். அதுவும் என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டவள். எனக்கு அந்தக் கணத்தில் வழி திறந்தது.

"வேதா, ஒரு பந்தயம். நான் போடற லைட்ல உன் மீனெல்லாம் முன்னால வந்து நின்னா, ஆபரேஷன் கிடையாது. அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"வரலைன்னா?"

"நானே நடந்து போய் ஆஸ்பத்திரி மேசையில ஏறிப் படுத்துக்கறேன். தூக்கிவிடக் கூட ஆள் வேண்டாம்."

அவள் விரல்விட்டு நாள் எண்ணினாள். "பதினேழாம் தேதி வரைக்கும்தான் டயம். தீர்ப்பு இவர் சொல்லுவார்."

"என்னை எதுக்கு இழுக்கறீங்க?" என்றார் மாப்பிள்ளை, தட்டில் இருந்த தயிர்சாதத்திடம்.

ஜூன் 6, வெள்ளி

கொளத்தூரில் மீன் தொட்டிக் கடைகள் இருக்கின்றன. கடையா அது, வருணனுடைய பாதாள லோகத்துக்குக் கிளை அலுவலகம். நாங்கள் போன கடையில் நூர்தீன் பாய் என்பவர் இருந்தார். படி ஏறும்போது கடைசிப் படி திடீரென்று காணாமல் போனதால் முழங்காலில் ஒரு சிராய்ப்பு. கொளத்தூர்ப் படிகள் நம்பத்தகாதவை.

"தொட்டி எவ்ளோ உசரம்ணே? செடி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார் பாய்.

"உசரத்தை விடுங்க பாய். உங்க கடையிலயே பெரிய லைட்டை எடுங்க."

அவர் ஒவ்வொன்றாக எரியவிட்டுக் காட்டினார். "இது பகல் வெளிச்சம் மாதிரிண்ணே. செடிக்கும் நல்லது, மீன் கலரும் இயற்கையா தெரியும். உங்க தொட்டிக்கு இதுவே போதும்."

"என்ன பாய், மஞ்சள் கிழங்கைக் கரைச்சு ஊத்தின மாதிரி இருக்கு."

"இதுவாண்ணே மஞ்சள்?" என்று பாய் வேதாவைப் பார்த்தார். வேதா தெருவைப் பார்த்தாள். அடுத்து எரியவிட்டதும் மஞ்சள்தான். அதற்கடுத்ததும் மஞ்சள். கடைசியில் ஒரு பெரிய பட்டை விளக்கு. அதுதான் ஏதோ வெள்ளை என்று சொல்லும்படி இருந்தது.

"மாமா, அது கடல் பவளம் வளர்க்கறவங்களுக்கு. ஒரே நீலமா, ரொம்பப் பவரா இருக்கு. நம்மளது குட்டி மீனு."

"பவளம் பார்க்கற வெளிச்சத்தை நம்ம பிள்ளைங்க பார்க்கக் கூடாதா?"

 பாயிடம் இதற்குப் பதில் இருந்தது போல; வாயைத் திறந்தார். வேதா வேண்டாம் என்று தலையசைத்ததாக எனக்கு ஒரு சந்தேகம்.

ஜூன் 7, சனி

விளக்கு ஏற்றப்பட்டது. சூரியன் விடுப்பு கேட்டு மனுப் போட்டிருக்கிறது.

மாப்பிள்ளை ஒயரை நேராகப் பிளக்கில் செருகப் போனார். தடுத்தாட்கொண்டேன். தண்ணீர்ப் பக்கம் வேலை செய்யும்போது ஒயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு, அப்புறம்தான் மேலே ஏற்றிச் செருக வேண்டும். ஒயர் வழியே ஓடிவருகிற தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. தேர் அன்றைக்குக் கொட்டிய மழையிலேயே ஒரு ஆளுக்கு ஷாக் அடித்ததில்லை, நம் அமைப்பகத்தில். இதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே செய்வேன். இன்றைக்கும் அப்படித்தான் செய்தேன், மூடாமலே.

ஜூன் 8, ஞாயிறு

மீன்கள் வரவில்லை. அலங்காரம் முடியவில்லை போலும்.

ஜூன் 11, புதன்

இன்று திருவிழா முறையைக் கையாண்டேன். தொட்டியைச் சுற்றி ஓடுகிற சீரியல் பல்பு. பின்பக்கச் சுவரிலிருந்து ஒரு ஃபோகஸ். அம்மன் வீதியுலாவுக்கு இப்படித்தான் பின்னாலிருந்து அடிப்போம். சப்பரமே தீப்பிடித்த மாதிரி ஜொலிக்கும்.

வேதா ஆபீஸ் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். "பின்னாலேர்ந்து அடிச்சா மீன் கறுப்பு நிழலாத்தான் மாமா தெரியும். லைட் மேல இருக்கணும், கொஞ்சம் முன் கண்ணாடிப் பக்கமா தள்ளி. அப்பதான் அதும் மேல பட்டு நம்ம கண்ணுக்குத் திரும்பி வரும்."

"அம்மனுக்கு நான் பின்னாலதான் போடறேன். அவ ஒண்ணும் குறை சொன்னதில்ல."

"அம்மன் ஓடி ஒளிய மாட்டா மாமா."

பேச்சில் அப்படியே என் அக்காதான்.

விடிந்ததிலிருந்து படுக்கப்போகும்வரை விளக்கை அணைக்கக் கூடாது என்று உத்தரவிட்டிருந்தேன். அதனால் கண்ணாடியெல்லாம் பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது என்று மாப்பிள்ளை புகார் சொல்கிறார். எனக்குக் கொஞ்ச நாளாக ஊரே அப்படி மங்கலாகத்தான் இருப்பதால் நான் கவனிக்கவில்லை.

மேலே எழுதிய கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டேன். கோடு வேறெங்கோ விழுந்திருந்தால் சந்ததியினர் பொறுத்துக்கொள்ளவும்.

ஜூன் 13, வெள்ளி

வேதா சாப்பிடும்போது மறுபடி சொன்னாள்: "மீனுக்காக இல்ல மாமா. உங்க கண்ணு போயிட்டா என்ன பண்றதுன்னு எனக்குத் தூக்கமே வரல." ரசம் நன்றாக இருக்கிறது என்றேன். அது ரசம் இல்லையாம், சாம்பாராம்.

ஜூன் 15, ஞாயிறு

வெற்றி. இந்தத் தேதியைக் கல்லில் வெட்டிக்கொள்ளுங்கள்.

காலையில் சாவகாசமாகக் குளித்துவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கண்ணாடி இன்று பளிச்சென்று இருந்தது. விளக்கு ஜொலித்தது. ஜொலிப்புக்குள் ஒரு அசைவு. இன்னொரு அசைவு. பிறகு ஆரம்பித்தது பாருங்கள். நாலு நாலாக அணிவகுத்து மேலே ஏறின. மேலே போனதும் பிரிந்து, வெள்ளிக் காசை இறைத்தது போலச் சிதறி, மறுபடி கீழே வந்து கூடின. காவடியாட்டத்தில்கூட இப்படி ஒரு தாளக்கட்டு கிடையாது. இரண்டு மீன்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி என்னைக் கும்பிட்டன. ஒன்று, வயதில் மூத்ததாக இருக்க வேண்டும், நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது.

சரியாக அந்த நேரத்துக்கு மேல்வீட்டு ரோசலின் டீச்சர் ஒரு கிண்ணத்தில் மாங்காய்த் தொக்கோடு வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். பொய் சொன்னால் பிடிக்காதவர் என்று வேதா சொல்லியிருக்கிறாள்.

"டீச்சர், இப்படி வாங்க. உங்க ஆயுசுல இந்த மாதிரி மீனாட்டம் பார்த்திருக்க மாட்டீங்க."

"எங்க சார்?"

"இதோ, முன்னாலயே ஆடுது பாருங்க. நடுவுல நிக்கிறவன்தான் தலைவன்."

டீச்சர் அடுக்களை வாசலில் நின்ற வேதாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஆமா சார்," என்றார் மெதுவாக. "தண்ணி நல்லா தெளிவா இருக்கு."

"தண்ணியை விடுங்க டீச்சர். மீனைப் பாருங்க."

"பார்க்கறேன் சார்."

செய்தி காட்டுத்தீயாகப் பரவி, சற்று நேரத்தில் தெருவில் பத்தாயிரம் பேர் கூடிவிட்டார்கள். பஸ்ஸைத் திருப்பிவிட வேண்டியதாயிற்று. நான் ஜன்னலில் நின்று கையசைத்தேன்.

"மாப்பிள்ளை, தீர்ப்பு" என்றேன்.

அவர் தொண்டையைச் செருமினார். "சாப்பிட்டுட்டுப் பேசலாம் மாமா."

வேதா மட்டும் விழாவில் கலந்துகொள்ளவில்லை. அடுப்பு முன்னால் நின்று அப்பளம் பொரித்துக்கொண்டே இருந்தாள். மூன்று பேருக்கு எதற்கு ஒரு கூடை அப்பளம் என்று எனக்குத் தெரியவில்லை.

அதே நாள், மாலை

கால் கழுவப் பின்பக்கக் குளியலறைக்குப் போனேன். மூலையில் ஒரு பெரிய பக்கெட் நிறையத் தண்ணீர். சொம்பு கையில் தட்டுப்படவில்லை. நேராகக் கையை விட்டேன்.

விரல் நுனியை ஏதோ கவ்வியது. சின்னதாக. விட்டது. பக்கத்து விரலை இன்னொன்று. பிறகு நிறைய வாய்கள்.

கையை எடுக்கத் தோன்றவில்லை. அங்கேயே முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

வேதா வந்து கதவோரம் நின்றாள். "காலையிலயே மீனையெல்லாம் எடுத்து இதுல விட்டுட்டேன் மாமா. தொட்டி முழுக்கப் பாசி. தேய்ச்சுக் கழுவிட்டு, தண்ணி கொஞ்சம் தெளிஞ்சதும் திரும்ப விடலாம்னு. நீங்க குளிச்சுட்டு இருந்தீங்க. சொல்றதுக்குள்ள வந்து உக்காந்துட்டீங்க."

"அப்ப உள்ள அசைஞ்சது?"

"காத்துக் குழாய்லேர்ந்து வர்ற நுரை மாமா."

"டீச்சருக்குத் தெரியுமா?"

"ம்."

"மாப்பிள்ளைக்கு?"

"ம்."

"நல்ல பொம்பளைம்மா அந்த டீச்சர்" என்றேன்.

அவள் பக்கெட்டின் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். "ஏணியில ஏறிக் கோபுர உசரத்துக்கு நின்னு ஒயரைப் பிடிக்கறீங்க. எது ஒயர், எது கயிறுன்னு தெரியாம. கீழ உங்க ஆளுங்க நிக்கறாங்க மாமா."

"கை சொல்லும்மா எனக்கு."

"இன்னிக்கும் கைதானே சொல்லுச்சு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. 

பந்தயத்தில் வென்றவன் அந்த வெற்றியைத் தானே விட்டுக்கொடுப்பது எங்கள் பரம்பரையில் வழக்கம். புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு வருவதாக அருள்வாக்கு கொடுத்தேன்.

ஜூன் 16, திங்கள்

நான் பார்த்தவை வருங்கால மீன்கள் என்று மாப்பிள்ளையிடம் விளக்கினேன். ஒப்புக்கொண்டார். மனிதர் தங்கம்.

ஜூன் 18, புதன்

ஒரு கண்ணில் கட்டு. மற்றக் கண்ணுக்கு எழுதிப் பழக்கம் இல்லை.

ஜூன் 20, வெள்ளி

கட்டு பிரித்தாகிவிட்டது. எழுதக் கூடாது என்கிறார்கள். எழுதுகிறேன்.

அன்று என்னைச் சுற்றி ஆயிரம் டாக்டர்கள் நின்றார்கள். வெளிநாட்டிலிருந்து சிலர் கப்பலில் வந்திருந்தார்கள். என் கண்ணிலிருந்து எடுத்த புரை தேங்காய் மூடி அளவுக்கு இருந்தது. இரண்டு பேர் பிடித்துத் தூக்கிப் போனார்கள். இதெல்லாம் ஊரில் போய்ச் சொல்வதற்கு.

இங்கே எழுதுவதற்கு வேறொன்று. முகத்தை மூடிவிட்டு ஒரு கண்ணை மட்டும் திறந்துவைத்தார்கள். நேர் மேலே ஒரு விளக்கு. "லைட்டையே பாருங்க அய்யா. அசையாதீங்க" என்றது ஒரு குரல். அத்தனை விளக்குகளுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். ஒரு விளக்குக்குக் கீழே கிடந்தது இதுதான் முதல் தடவை. மருந்து ஊற்றியிருந்ததால் வலி இல்லை. ஆனால் வெளிச்சம் உள்ளே இறங்கிக்கொண்டே இருந்தது. திரும்பக் கூடாது. மூட முடியாது. அண்டுவதற்கு ஒரு மரக்கட்டை இல்லை. போர்வையை எந்தப் பிடி பிடித்திருந்தேன் என்றால், நர்ஸம்மா என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தன் கையைக் கொடுத்தார்.

"அய்யா, லைட்டு கொஞ்சம் ஜாஸ்தி" என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

டாக்டருக்குக் கேட்டிருக்கிறது. "குறைச்சிக்கலாங்க" என்றார். குறைத்தார். அவ்வளவுதான். எனக்கு மூச்சு வந்தது.

ஜூன் 22, ஞாயிறு

கமிட்டிச் செயலாளருக்கு நானே போன் செய்தேன். மறைத்தால் தங்கப்பன் சொல்லிவிடுவான்.

"ஆபரேஷன் பண்ணிக்கிட்டேங்க. இந்த வருஷம் ஏணியில ஆளுங்க ஏறுவாங்க. நான் கீழ நின்னு பார்ப்பேன்" என்றேன்.

"அப்பாடா" என்றார் அவர். "போன வருஷம் நீ கட்டின அம்மனுக்கு ஒரு கை அதிகமா எரிஞ்சுதேப்பா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு கமிட்டியில அஞ்சு கூட்டம் போட்டோம்."

"அது கூடுதல் அருளுக்கு."

"இந்த வருஷம் இருக்கற அருளே போதும். எண்ணிப் பார்த்துக் கட்டு."

காண்ட்ராக்ட் என்னிடமே இருக்கிறது. தங்கப்பன் இந்தச் செய்தியைக் கேட்டுத் துறவறம் பூண்டுவிட்டதாகக் கேள்வி. இன்னொரு கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறாள் வேதா. திருவிழா முடிந்த மறுநாளுக்கு மாற்றச் சொன்னேன். திருவிழாவுக்கு முன்னாலேயே என்று அவள் தேதியை வைத்துக்கொண்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். "லைட்டைப் போடும்மா" என்றேன். வேதா போட்டாள்.

நீலம். ஊசி ஊசியாக நீலம். நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டேன். இதை வெள்ளை என்றா சொன்னேன்? இதையா அந்தப் பொடிசுகள் தலையில், விடிந்ததிலிருந்து படுக்கும்வரை?

"அணைச்சிடு வேதா."

நூர்தீன் பாய் முதலில் காட்டிய விளக்கை மாப்பிள்ளை போய் வாங்கிவந்தார். பெரியதை ஒரு வார்த்தை பேசாமல் திருப்பி எடுத்துக்கொண்டாராம் பாய். என்னைக் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று கட்டிப்போட்டிருப்பதால் நான் நாற்காலியிலிருந்து ஆணையிட, மாப்பிள்ளை வேலை செய்தார்.

"ஒரு சாண் மேல தூக்குங்க மாப்பிள்ளை. தண்ணிக்கு மேல ஒட்டி வைக்க வேணாம். இப்ப முன் கண்ணாடிப் பக்கம் நாலு விரல் தள்ளுங்க. போதும், போதும். அந்தப் பின்சுவர் ஃபோகஸைக் கழட்டி என் பையில போடுங்க."

வேதா மிதக்கிற செடி கொஞ்சம் வாங்கியிருந்தாள். அதைக் கட்டைக்கு மேலே மட்டும் விட்டோம், அங்கே நிழல் விழும்படி. வெளிச்சம் வேண்டுகிறவன் முன்னால் வரட்டும், வேண்டாதவன் பின்னால் இருக்கட்டும். மதியத்துக்கு மேல் எரிந்து, சாப்பாட்டு நேரத்துக்கு அணைகிற மாதிரி டைமரை வைத்தார் மாப்பிள்ளை.

"இப்ப போடலாமா மாமா?"

"போடு."

நல்ல வெளிச்சம். கண்காட்சி வெளிச்சம் இல்லை, நம் வீட்டு முற்றத்தில் பத்து மணிக்கு விழுகிற வெளிச்சம். அதிலேயே நாளெல்லாம் உட்கார்ந்திருக்கலாம். மூன்று பேரும் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கட்டைக்குப் பின்னால் ஒரு வால் தெரிந்தது. அப்படியே நின்றது. அதன் நிலைமை எனக்குத் தெரியும். அந்த மேசையில் நானும் கிடந்திருக்கிறேன்.

ஒயரின் நடுவில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னக் குமிழ் இருந்தது. கையை நீட்டி அதைப் பிடித்தேன்.

"என்ன மாமா பண்றீங்க?" என்றாள் வேதா.

"பேசாம இரு."

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். மீன்கள் கட்டையைத் தள்ளிக்கொண்டு கூட்டம் கூட்டமாக வெளியே வந்தன. ஒவ்வொன்றின் விலாவிலும் ஒரு நீலக் கோடு, ராஜகம்பீரமாக. என் பெயரைச் சொல்லி மூன்று முறை வலம் வந்தன. தலைவர் மீன் தண்ணீருக்கு மேலே எம்பி எனக்கு ஒரு சால்வை போர்த்தியது. ரோசலின் டீச்சர் மாடியிலிருந்து ஓடிவந்து ஆனந்தக் கண்ணீர் விட்டார். வேதா வீட்டுச் சமுத்திரம் பொங்கி, கொளத்தூர்வரை வெள்ளம் போயிற்று.

சந்ததியினரே, நான் முதலிலேயே சொன்னேன், நம்பமாட்டீர்கள் என்று. நம்பவும் வேண்டாம். வெள்ளத்தைத் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். சால்வையையும் பத்தாயிரம் பேரையும் கப்பலில் வந்த டாக்டர்களையும் தள்ளிவிடுங்கள். வந்தது ஒரே ஒரு மீன்தான். அதுவும் பாதி தூரம் வந்து, யோசித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. நாளைக்கு வரும் என்கிறாள் வேதா.

ஒரு சின்ன விஷயம் மட்டும் சத்தியமாக நடந்தது. ஒருவரும் கேட்காமல், தன் கையாலேயே, ஏகாம்பரம் ஒரு விளக்கைக் குறைத்தான்.